185ஐ வாசிக்க ஒரு கணினிக்கு எவ்வளவு நேரம்?

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், தராசு முள் நிற்பதற்கு முன்னமே தன் பையில் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார், தவறினால் அரைக் கிலோ முன்பின் இருக்கும், அவ்வளவுதான். அதனால் நான் ஒரு இரவு முழுக்க மடிக்கணினி முன்னால் குந்திக்கொண்டு, எண்களை வாசிக்கிற ஒரு புரோகிராம் ஏன் இப்படி நொண்டுகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது அவருக்குச் சிரிப்பாக இருந்தது. "எலக்கத்த வாசிக்கிறதுக்கா தம்பி விடிய விடிய முழிச்சிருக்க?" என்று தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்விட்டார். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

விஷயம் இது. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்கிற கூட்டாளி, சில வருடத்து நிறுவைக் கணக்கை ஒரே ஃபைலாகத் தந்து, எந்த மலையில் (தோட்டத்தின் ஒரு துண்டுக்கு அப்படிப் பெயர்) எந்த மாதம் எவ்வளவு கொழுந்து வந்தது என்று பிரித்துத் தரச் சொன்னான். பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும். வரியின் தொடக்கத்தில் தேதியும் மலை இலக்கமும் இருக்கும், அதற்குப் பிறகு வருவது இப்படி: 2041,62,78,45. முதலாவது செக்ரோல் இலக்கம், அதாவது சம்பளப் பதிவில் தொழிலாளிக்குரிய எண், அடுத்த மூன்றும் காலை, பகல், பின்னேரம் என்று மூன்று நிறுவை. புள்ளி இல்லை, அலகு 100 கிராம். 62 என்றால் 6.2 கிலோ. மூன்றையும் கூட்டினால் 185, அதாவது 18.5 கிலோ.

இதை ரஸ்ட் என்ற புரோகிராம் மொழியில் எழுதினேன். சி, சி++, ஸிக் எதில் எழுதினாலும் கீழே சொல்லப்போகிற கதை ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் சிக்கல் மொழியில் இல்லை, எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் இருக்கிறது.

கணினி கூட்டிக் கழிக்கிற 185 ஒரே ஒரு பைட், அதாவது எட்டு பிட்: 10111001. ஃபைலில் எழுதியிருக்கிற 185 மூன்று பைட்: 49, 56, 53. எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கிற ஆஸ்கி அட்டவணையில் பூச்சியத்துக்கு 48, ஒன்றுக்கு 49, அப்படியே போய் ஒன்பதுக்கு 57. ஆக, ஒவ்வொரு எழுத்திலும் 48ஐக் கழித்தால் இலக்கம் கிடைக்கும். அப்புறம் நாம் ஐந்தாம் வகுப்பில் படித்த அதே வேலை. 1 வந்தது, கையில் 1. 8 வந்தது, கையில் இருப்பதைப் பத்தால் பெருக்கி 8ஐக் கூட்டு, 18. 5 வந்தது, மறுபடி பத்தால் பெருக்கி 5ஐக் கூட்டு, 185. கமா வந்தால் நிறுத்து. திரும்பத் திரும்ப ஓடுகிற நாலு வரி லூப். எந்த மொழியின் நூலகத்தை (தயாராக எழுதி வைத்த புரோகிராம்களின் தொகுப்பை) திறந்து பார்த்தாலும் உள்ளே அடிப்படையில் இதுதான் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் நூலகம் இதோடு நிறுத்த முடியாது. வந்தது இலக்கம்தானா என்று ஒவ்வொரு எழுத்துக்கும் பார்க்க வேண்டும். இதில் ஒரு அழகான குறுக்குவழி உண்டு: கழித்தல் குறி இல்லாத, 0 முதல் 255 வரை மட்டும் பிடிக்கிற ஒற்றைப் பைட்டில் 48ஐக் கழித்தால், 48க்குக் கீழே இருக்கிற எழுத்தெல்லாம் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் 200க்கு மேல் நின்றுவிடும். 47 என்ற சாய்கோடு 255 ஆகிவிடும். அதனால் "48ஐ விடச் சின்னதா, 57ஐ விடப் பெரியதா" என்று இரண்டு கேள்வி தேவையில்லை, "கழித்த பிறகு 9ஐத் தாண்டுகிறதா" என்ற ஒரே கேள்வி போதும். அடுத்தது, எண் பெட்டிக்குள் அடங்குகிறதா என்ற கேள்வி. 32 பிட் குறியில்லா எண்ணில் ஆகப் பெரியது 4294967295. அதற்கு மேல் ஒன்று கூடினால் பூச்சியத்துக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பெருக்கலுக்கும் ஒவ்வொரு கூட்டலுக்கும் பிறகு "வழிந்ததா?" என்று ஒரு சோதனை. ரஸ்ட் நூலகத்தில் இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனம் வைத்திருக்கிறார்கள்: யு32 எண்ணுக்கு (மேலே சொன்ன 32 பிட் குறியில்லா எண்தான்) எழுத்துகள் 8 அல்லது அதற்குக் குறைவு என்றால் எப்படியும் வழியாது, எனவே வழிதல் சோதனையே இல்லாத வேறொரு லூப்புக்குப் போய்விடும். எழுத்து எத்தனை என்று முன்னமே எண்ணிப் பார்த்ததால் கிடைத்த சலுகை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கட்டுரை முழுக்க இதேதான் வேறு வேறு உருவத்தில் வரப்போகிறது.

இப்போது ஒரு ஒப்புதல் வாக்குமூலம். என் முதல் புரோகிராம் மெதுவாக இருந்ததற்கும் எண் வாசிப்புக்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை. முதலாவது, ரிலீஸ் மோடில் (வேகத்துக்காக; பிழை தேடுவதற்கான டீபக் மோடுக்கு மாறானது) கம்பைல் பண்ண மறந்திருந்தேன். ரஸ்டில் அது சின்ன மறதி இல்லை, புரோகிராம் பத்து மடங்கு மெதுவாக ஓடினாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒவ்வொரு வரிக்கும் புதுசாக ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்), அதைக் கமாவில் வெட்டி இன்னொரு வெக்டர் (பட்டியல்), அதாவது வரிக்கு இரண்டு தடவை நினைவகம் கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது, ரஸ்டில் ஸ்ட்ரிங் என்றால் அது ஒழுங்கான யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் பைட்டாக எழுதும் முறை) என்று உத்தரவாதம் வேண்டும், அதனால் முழு ஃபைலும் ஒரு தடவை அதற்காக வேறு சரிபார்க்கப்படுகிறது, எனக்கு வேண்டியதோ வெறும் இலக்கமும் கமாவும். முழு ஃபைலையும் பைட்டுகளாக ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டு, எதையும் நகல் எடுக்காமல் இருந்த இடத்திலேயே வாசித்தபோது பாதி வியாதி தீர்ந்துவிட்டது. யாராவது எண் வாசிப்பை வேகப்படுத்தப் போகிறேன் என்றால் முதலில் இதைப் பாருங்கள். இதைச் செய்யாமல் கீழே சொல்கிற வித்தைகளைப் பாவிப்பது, ஒழுகுகிற லயத்து வீட்டுக் கூரையை விட்டுவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி.

அந்தப் பாதி தீர்ந்த பிறகு மிச்சம் இருந்ததுதான் உண்மையான கதை.

அந்த நாலு வரி லூப்பை மறுபடி பாருங்கள். 8ஐச் சேர்க்க 1 தயாராக இருக்க வேண்டும். 5ஐச் சேர்க்க 18 தயாராக இருக்க வேண்டும். இன்றைய செயலி (கணினியின் புரோசஸர்) ஒன்று ஒரே சுழற்சியில், அதாவது அதன் கடிகாரத்தின் ஒரே துடிப்பில், நாலைந்து கட்டளைகளை ஒன்றாகச் செய்யக்கூடியது, ஆனால் ஒவ்வொரு படியும் முந்திய படியின் விடைக்காகக் காத்து நிற்பதால் அதன் கைகள் எல்லாம் கட்டிப்போட்ட மாதிரி சும்மா தொங்கும். மடுவத்தில் ஐந்து தராசு இருக்கிறது, ஆனால் கணக்கப்பிள்ளை ஒருவர்தான், அவர் ஒருவரின் எடையை எழுதி முடித்த பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிடுவார் என்றால் ஐந்து தராசு இருந்து என்ன பிரயோசனம்? வரிசை வெளியே மழையில் நிற்கும். ஒரு சின்ன விபரம்: பத்தால் பெருக்க நல்ல கம்பைலர் பெருக்கல் கட்டளையையே தொடாது. முகவரி கணக்கிடுவதற்கென்று இருக்கிற ஒரு மலிவான கட்டளையை இரண்டு தடவை போட்டு, முதலில் ஐந்து மடங்கு, பிறகு அதன் இரட்டிப்போடு இலக்கம் என்று முடித்துவிடும். கெட்டித்தனம்தான், ஆனாலும் காத்திருப்பு போகாது, ஒரு படியின் காத்திருப்பு குறையும், அவ்வளவே.

இன்னொரு செலவு கண்ணுக்கே தெரியாது. லூப் எப்போது நிற்கும்? 62 என்றால் இரண்டு சுற்று, 104 என்றால் மூன்று சுற்று. நல்ல கொழுந்து வருகிற மாதத்தில் மூன்றிலக்கம் அடிக்கடி வரும், வரட்சியில் ஓரிலக்கம்கூட வரும். செயலி இதற்காகக் காத்திருக்காது, "இன்னொரு சுற்று இருக்கும்" என்று ஊகித்துக்கொண்டு முன்னால் போய்விடும். ஊகம் சரி என்றால் லாபம். தவறினால் செய்ததையெல்லாம் கொட்டிவிட்டுத் திரும்பி வர வேண்டும். நவீன செயலிகளில் அதற்கு 15 முதல் 20 சுழற்சி வரை போகும். கொழுந்து லொறி, மேல் பிரிவில்தான் இன்றைக்கு நிறுவை என்று நினைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறிப் போய்ப் பார்த்தால் நிறுவை கீழ்ப் பிரிவில் என்கிற மாதிரி. இரண்டு இலக்க எண் ஒன்றை வாசிக்க உண்மையில் தேவைப்படுகிற நேரத்தைவிட இந்த ஒரு தவறான ஊகத்தின் செலவு கூட. எண்கள் எல்லாம் ஒரே நீளம் என்றால் செயலி பழகிக்கொள்ளும், ஊகம் தவறவே தவறாது. மனிதர் பறித்த கொழுந்து அப்படி ஒரே நீளத்தில் வருவதில்லை.

ஆக மெதுவுக்குக் காரணம் பெருக்கல் இல்லை. ஒன்று காத்திருப்பு, மற்றது சந்தேகம். இரண்டையும் எப்படிக் குறைப்பது?

காத்திருப்புக்கு மருந்து, எண்ணை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசிப்பதை விட்டுவிட்டு இரண்டிரண்டாகக் கட்டுவது. 12345678 என்ற எட்டு இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். 12, 34, 56, 78 என்ற நாலு சோடியும் ஒன்றையொன்று எதிர்பார்க்கவில்லை, நாலையும் ஒரே நேரத்தில் செய்யலாம். பிறகு 1234, 5678. பிறகு முழு எண். எட்டுப் படி மூன்று படியாகிவிட்டது. நாம் எண்ணை வாயால் சொல்கிற விதமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஒரு கோடியே இருபத்து மூன்று இலட்சத்து நாற்பத்தையாயிரத்து அறுநூற்று எழுபத்தெட்டு என்று கட்டுக்கட்டாகத்தான் சொல்கிறோம், இலக்கம் இலக்கமாக யாரும் சொல்வதில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய தமிழ் எண்முறையில் இடமதிப்பை எண்ணே சுமந்துகொண்டு வரும். 185 என்பதை ௱௮௰௫ என்று எழுதுவார்கள்: நூறு, எட்டுப் பத்து, ஐந்து. 205 என்றால் ௨௱௫, நடுவில் பூச்சியத்துக்கு வேலையே இல்லை. அதனால்தான் தமிழ் இலக்கங்கள் உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கிற யூனிகோடில் ஏறியபோது பூச்சியம் இல்லாமல் ஏறின; ௦ பின்னால் 2005இல் 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. இந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட் எடுக்கும். பைதான் மொழியிடம் ௧௮௫ என்று கொடுத்தால் மறுபேச்சில்லாமல் 185 என்று வாசிக்கும், ஏனென்றால் யூனிகோடு எதையெல்லாம் பதின்ம இலக்கம் என்கிறதோ அதையெல்லாம் அது ஏற்றுக்கொள்ளும். ஆனால் ௰ கொடுத்தால் மறுத்துவிடும், அது எண்தான், ஆனால் இடமதிப்புக் கணக்கில் வருகிற இலக்கம் இல்லை. ரஸ்ட் இரண்டையும் மறுக்கும். அதற்கு ஆஸ்கியின் பத்து இலக்கம் மட்டுமே இலக்கம். மொழிப்பற்று உள்ளவனுக்கு இது வலிக்கலாம், ஆனால் வேகம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும்: ஏற்பது குறைந்தால் கேட்க வேண்டிய கேள்வியும் குறையும்.

சரி, சோடி கட்டுகிற வேலைக்கு வருவோம். இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இருக்கிறது. செயலி கணக்குப் போடுகிற சின்னப் பெட்டிக்குப் பதிவேடு என்று பெயர்; 64 பிட் பதிவேடு ஒன்றுக்குள் எட்டுப் பைட் அடங்கும், அதாவது எட்டு எழுத்து. ஒரே ஏற்றலில் எட்டையும் உள்ளே எடுத்துக்கொண்டு, அந்தப் பதிவேட்டையே எட்டு அறைகள் உள்ள ஒரு லயமாக நினைத்து வேலை செய்வது. இப்படிச் செய்வதற்கு ஸ்வார் என்று பெயர், ஒரு பதிவேட்டுக்குள்ளேயே பல எண்களைச் சேர்த்து நடத்துவது என்று அர்த்தம். முதலில் ஒவ்வொரு பைட்டின் மேல் நாலு பிட்டையும் அழித்துவிட்டால் 49 என்பது 1 ஆகிவிடும், 56 என்பது 8 ஆகிவிடும், எட்டு எழுத்துக்கும் ஒரே கட்டளையில். அடுத்தது, முழுப் பதிவேட்டையும் 2561 என்ற எண்ணால் பெருக்குவது.

ஏன் 2561? அது 10 × 256 + 1. இன்டெல், ஏஎம்டி செயலிகளிலும் நம் போன்களில் இருக்கிற ஆர்ம் செயலிகளிலும் ஃபைலில் முதலில் வருகிற எழுத்து பதிவேட்டின் ஆகக் கீழ் இடத்தில் போய் உட்காரும். ஆகவே "12" என்ற இரண்டு எழுத்தும் உள்ளே 1 + 2×256 என்று இருக்கும். இதை 2561ஆல் பெருக்கிப் பாருங்கள், தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது:

(1 + 2×256) × (1 + 10×256) = 1 + 12×256 + 20×65536

நடு அறையில் 12 வந்து நிற்கிறது! 1ஐப் பத்தால் பெருக்கி 2ஐக் கூட்டுகிற வேலையைப் பெருக்கலே தன்னுடைய இயல்பான குறுக்குப் பெருக்கத்தில் செய்துவிட்டது. மூன்றாவது அறைக்குப் போன 20 குப்பை, அது அடுத்த சோடியின் முதல் இலக்கத்தோடு கலந்துகொள்ளும், ஆனால் அந்தக் கலவை எவ்வளவு பெரிதானாலும் 99ஐத் தாண்டாது, பைட் ஒன்றில் 255 வரை இடம் இருப்பதால் பக்கத்து அறைக்கு வழியாது. எட்டுப் பிட் கீழே நகர்த்தி, ஒன்றுவிட்ட அறைகளை அழித்தால் குப்பையும் போய்விடும். 12, 34, 56, 78 நாலும் ஒரே பெருக்கலில் தயார். அடுத்த படிக்கு 6553601, அது 100 × 65536 + 1. கடைசிப் படிக்கு 42949672960001, அது 10000 ஐ 2இன் 32ஆம் அடுக்கால் பெருக்கி ஒன்று கூட்டியது. மூன்று பெருக்கல், மூன்று நகர்த்தல், மூன்று அழிப்பு, எட்டு இலக்கமும் எண்ணாகிவிட்டது. ஒரு பெருக்கலுக்கு மூன்று சுழற்சி என்று வைத்தாலும், எட்டுத் தடவை காத்து நிற்பதோடு ஒப்பிட்டால் இது எங்கேயோ இருக்கிறது. முதல் தடவை இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது நான் எழுந்து வாசலுக்குப் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன், உண்மையாக.

இதற்கு மேலும் போகலாம். இன்டெல் 2006இல் கொண்டுவந்த எஸ்எஸ்எஸ்இ3 கட்டளைகளில் பக்கத்துப் பக்கத்துப் பைட்டுகளை வேறு வேறு எண்ணால் பெருக்கிச் சேர்த்துத் தருகிற ஒன்று இருக்கிறது, 10, 1, 10, 1 என்று கொடுத்தால் 16 எழுத்தையும் ஒரே அடியில் சோடி கட்டிவிடும். டேனியல் லெமிர் என்ற கனடாப் பேராசிரியரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2019இல் வெளியிட்ட, ஜேசன் வடிவத் தரவை வாசிக்கிற சிம்ட்ஜேசன் நூலகம் இந்த வகைச் சிந்தனையின் உச்சம் என்று சொல்லலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. என் ஆகப் பெரிய எண்ணே தேதிதான், எட்டு இலக்கம்.

தேதி எட்டு இலக்கம், எப்போதும் எட்டு. அதற்கு மேலே சொன்ன வித்தை அப்படியே பொருந்தும். நிறுவைகள்தான் தலைவலி, ஒன்று முதல் மூன்று இலக்கம் வரை எதுவும் வரலாம். எட்டு எழுத்தை ஏற்றினால் "62,78,45" என்று பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து வந்துவிடுவார்கள். முதல் கமா எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் லூப் போட்டுத் தேடினால் பழையபடி ஊகம் தவறுகிற கதை. இதற்கும் ஒரு வழி இருக்கிறது, ஆஸ்கி அட்டவணையை வடிவமைத்தவர்கள் நமக்காகவே செய்து வைத்த மாதிரி. 48 முதல் 57 வரை எந்த இலக்கத்தை எடுத்தாலும் அதில் 16க்குரிய பிட் எரிந்துகொண்டிருக்கும், ஏனென்றால் 48 என்பது 32 + 16. கமா 44, அதாவது 32 + 8 + 4, அதில் 16 இல்லை. புதுவரி 10, அதிலும் இல்லை. விண்டோஸ் ஃபைல்களில் வருகிற 13, இடைவெளி, புள்ளி, கழித்தல் குறி, எதிலும் இல்லை. ஆகவே எட்டுப் பைட்டையும் தலைகீழாகப் புரட்டி, ஒவ்வொன்றிலும் அந்த ஒரு பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு, கீழிருந்து முதலாவது எரிகிற பிட் எங்கே என்று கேட்டால் (அதற்கென்று செயலியில் ஒரே கட்டளை இருக்கிறது) முதல் கமாவின் இடம் வந்துவிடும். எல்லா எழுத்துக்கும் இது சரிவராது, ஏ (A) முதல் ஓ (O) வரை ஆங்கில எழுத்திலும் அந்தப் பிட் கிடையாது, பீ (P) முதல் இருக்கிறது. ஆனால் என் ஃபைலில் எழுத்தே இல்லை என்று எனக்குத் தெரியும்.

கமாவின் இடம் தெரிந்தால் எண்ணின் நீளம் தெரியும். நீளம் 2 என்றால் பதிவேட்டை மேல்நோக்கி ஆறு பைட் நகர்த்துங்கள். கமாவும் அதற்குப் பின்னால் வந்தவர்களும் மேலே வழிந்து மறைந்துவிடுவார்கள், கீழே ஆறு பூச்சியம் வந்து நிரம்பும். "62" என்பது இப்போது 00000062. அதே மூன்று பெருக்கல். ஓரிலக்கமோ மூன்றிலக்கமோ, செயலி ஒரே பாதையில் போகும், ஊகிக்க ஒன்றுமே இல்லை.

இங்கேதான் நான் விழுந்தேன்.

சின்ன ஃபைல் ஒன்றில் எல்லாம் சரியாக வந்தது. முழு ஃபைலை ரிலீஸ் மோடில் ஓட்டியபோது ஒரு மலையில் ஒரே காலை நிறுவையில் ஒருவர் 12792460.2 கிலோ கொழுந்து பறித்திருந்தார். ஒரு கோடியே இருபத்தேழு இலட்சத்துச் சொச்சம் கிலோ. அம்மாவிடம் சொன்னேன். "அவளுக்காவது பேர் போட்டானுங்களா?" என்று கேட்டார். தோட்டத்தில் பேர் என்றால் முழு நாள் சம்பளக் கணக்கு.

வரியைத் தேடிப் பார்த்தால் 2041,,78,45. காலையில் ஆள் வரவில்லை, அந்தக் கட்டம் வெறுமை. என் புரோகிராம் வெறுமைக் கட்டத்தில் எட்டு எழுத்தை ஏற்றுகிறது, முதல் எழுத்தே கமா, நீளம் பூச்சியம். ஆகவே 64 பிட் நகர்த்த வேண்டும். இன்டெல் வகைச் செயலியில் 64 பிட் பதிவேட்டை 64 இடம் நகர்த்தச் சொன்னால் அது எண்ணின் கீழ் ஆறு பிட்டை மட்டும்தான் பார்க்கும், 64இன் கீழ் ஆறு பிட் பூச்சியம், ஆகவே நகர்த்தவே செய்யாது. ரஸ்ட் டீபக் மோடில் இதைக் கண்டதும் அலறிக்கொண்டு நின்றுவிடும், ரிலீஸ் மோடிலோ இயல்பாக அந்தச் சோதனை கிடையாது, வாயை மூடிக்கொண்டு செயலி செய்வதையே செய்துவிடும். நான் டீபக்கில் ஓட்டிய சின்ன ஃபைலில் வெறுமைக் கட்டமே இருக்கவில்லை. விளைவு, கமா, 7, 8, கமா, 4, 5, புதுவரி, அடுத்த வரியின் 2 என்று எட்டும் அப்படியே பெருக்கலுக்குள் போய்விட்டன. மேல் நாலு பிட்டை அழித்ததும் கமா 12 ஆகிறது, புதுவரி 10 ஆகவே நிற்கிறது. 127, 92, 45, 102 என்று நாலு "சோடி". பிறகு 12792, 4602. பிறகு 127924602. தாளில் போட்டுப் பார்த்தேன், ஒரு இலக்கம் பிசகாமல் அதே எண். கணினி பொய் சொல்லவில்லை, நான் கேட்காததைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு மிகச் சரியாகக் கணக்குப் போட்டிருந்தது.

இது கண்ணில் பட்டதற்குக் காரணம், தவறு கோடிக்கணக்கில் இருந்தது. 185க்குப் பதிலாக 158 என்று வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தோட்டத்தில் நிறுவை என்றாலே ஒரு பழைய கசப்பு இருக்கிறது, தண்ணிக்கு இவ்வளவு, பைக்கு இவ்வளவு என்று கழித்த கணக்கை எத்தனையோ பேர் எதிர்த்துக் கேட்டும் கேட்க முடியாமலும் வாழ்ந்திருக்கிறார்கள். இலக்கம் ஒன்று தவறாக வாசிக்கப்பட்டால் அது ஒரு ஆளின் நாள் சம்பளத்தில் போய் நிற்கும் என்று தெரிந்த ஊரில் இருந்துகொண்டு, வேகத்துக்காகச் சோதனையைக் கழற்றி எறிய எனக்கு மனம் வரவில்லை.

எழுத்தை எண்ணாக்குகிற, சி மொழியின் பழைய ஏடுஐ (atoi) என்ற செயற்கூறு இந்த விஷயத்தில் ஒரு நல்ல எச்சரிக்கை. வாசிக்க முடியாததைக் கொடுத்தால் அது 0 என்று சொல்லும். உண்மையான 0ஐக் கொடுத்தாலும் 0. பெட்டிக்குள் அடங்காத எண் என்றால் என்ன நடக்கும் என்று சி மொழியின் தரமே உறுதி சொல்லாது. வேலைக்கு வந்து ஒன்றும் பறிக்காததும், வேலைக்கே வராததும், வந்து பறித்தும் எழுதப்படாததும் அதற்கு ஒன்றுதான். அடுத்து வந்த ஸ்ட்ர்டுஎல் (strtol) பரவாயில்லை, எங்கே வாசிப்பை நிறுத்தியது என்று சுட்டும், ஆனால் அதற்கும் ஒரு குறும்பு உண்டு: அடிமானம் (எத்தனையால் பெருக்கிப் போவது என்பது, நமக்குப் பத்து) 0 என்று கொடுத்தால் முன்னால் பூச்சியம் வைத்த எண்ணை எட்டடிமானமாக எடுத்துக்கொள்ளும், 0123 என்ற செக்ரோல் இலக்கம் 83 ஆகிவிடும், வேறொருவரின் பேரில் கணக்கு ஏறும். சி++17இல் வந்த ஃப்ரம்சார்ஸ் (from_chars) இவற்றையெல்லாம் பார்த்துப் படித்தவர்கள் செய்தது. இடைவெளியைத் தாண்டிப் போகாது, நாட்டுக்கு நாடு மாறுகிற லோக்கேல் அமைப்பைப் பார்க்காது, நினைவகம் கேட்காது, எங்கே நின்றது, ஏன் நின்றது என்று இரண்டையும் சொல்லும். ரஸ்டின் பார்ஸ் (parse) இன்னும் வெளிப்படையாக, வெறுமை, தவறான இலக்கம், மேலே வழிந்தது, கீழே வழிந்தது என்று பிரித்தே சொல்லும், அதைக் கவனிக்காமல் எண்ணை எடுக்கவும் விடாது. பொது நூலகம் மெதுவாக இருப்பதாக நாம் குறைசொல்வதில் பாதி இந்தக் கேள்விகளுக்கான கூலி. உங்கள் ஃபைலில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, ஆகவே எல்லாவற்றையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

2024 ஜனவரியில் குன்னர் மோர்லிங் என்பவர் ஒரு சவால் வைத்தார், நூறு கோடி வரி உள்ள ஃபைல், ஒவ்வொரு வரியிலும் ஒரு வானிலை நிலையத்தின் பெயரும் வெப்பநிலையும், ஜாவா மொழியில் யார் வேகமாகச் சுருக்கித் தருவது என்று. செயலியின் எட்டுக் கோரில் (தனித்தனியாக வேலை செய்கிற பகுதிகளில்) ஓட்டி, வென்ற விடை 1.535 செக்கனில் முடித்தது. அதில் வெப்பநிலையை வாசித்த விதத்தைப் பார்த்தால் நாம் மேலே பார்த்த அதே 16க்குரிய பிட்டின் தந்திரம் புள்ளியைத் தேட உதவியிருப்பது தெரியும். தசம எண்ணைத் தசமமாக வாசிக்கவே இல்லை. புள்ளிக்குப் பிறகு எப்போதும் ஒரே இலக்கம் என்று போட்டி விதி சொன்னதால், புள்ளியை விழுங்கிவிட்டுப் பத்து மடங்கு முழு எண்ணாகவே வைத்துக்கொண்டார்கள். நமது 62 மாதிரி. அந்த ஒரு விதி இல்லாவிட்டால் அந்த வேகம் இல்லை.

என் புரோகிராமில் கடைசியில் செய்தது இது. எட்டு எழுத்தை ஏற்றி, கமாவைக் கண்டுபிடித்து, நீளம் ஒன்று முதல் மூன்றுக்குள் இருந்தால் வேகப் பாதை. மற்ற எதுவானாலும் ரஸ்டின் சாதாரண பார்ஸ். இலக்கங்கள் உண்மையிலேயே இலக்கங்கள்தானா என்று எட்டையும் ஒரே தடவையில் பார்க்கிற ஒரு சோதனையும் சேர்த்தேன், ஒவ்வொரு பைட்டின் மேல் பாதியும் 3 ஆக இருக்கிறதா, 6ஐக் கூட்டிய பிறகும் 3 ஆகவே நிற்கிறதா என்று பார்த்தால் போதும், 57ஐத் தாண்டியது எதுவும் அதில் தப்பாது. நகர்த்தியதில் கீழே வந்த பூச்சிய பைட்டுகளுக்கு முன்னதாக 48ஐ நிரப்பிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நல்ல எண்ணையே மறுத்துவிடும். இந்தச் சோதனைகள் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே பக்கம்தான் போகின்றன, ஆகவே செயலியின் ஊகம் தவறுவது அரிது, செலவும் அநேகமாகத் தெரியவில்லை. ஃபைலின் கடைசி வரிதான் இன்னும் ஒரு வில்லங்கம், எட்டு எழுத்து ஏற்றினால் ஃபைலின் எல்லைக்கு வெளியே கை போய்விடும். அதற்காக வாசிப்பதற்கு முன் கடைசியில் எட்டுப் புதுவரியை நானே ஒட்டிக்கொள்கிறேன். சிம்ட்ஜேசனும் இதே மாதிரி கடைசியில் கொஞ்சம் இடம் விடச் சொல்லித்தான் கேட்கும்.

வெறுமைக் கட்டங்களைக் கூட்டலில் சேர்க்காமல், தனியாக ஒரு பட்டியலாகத் தேதியோடு அச்சடித்துக் கொடுத்தேன். கூட்டாளி அதை மேலிருந்து கீழ் பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, "மச்சான், இந்த நாளு பூரா மலைக்கே காலையில நிறுவ இல்லையே" என்றான். அன்றைக்குத் தராசு பழுதாம். கொழுந்தெல்லாம் தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாள் எங்கே என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறான்.